ரோட்டைப் பாத்தா சரி, சுவத்தைப் பாத்தா வேணாம்

ஏறுங்க யக்கா, ஏறுங்க, நனையாதீங்க. அந்தக் கேரியரை இப்படிக் குடுங்க, என் காலுக்கிட்ட வச்சுக்கிறேன், ரசம் சிந்தாது. எங்க போகணும்? அட, அந்த ஆஸ்பத்திரிக்கா? ம். போகலாம், ஏன் போகக் கூடாது? ஒரே ஒரு விசயம், வாசல் வரைக்கும் வர மாட்டேன். முக்குல ஒரு பழக்கடை இருக்கு, அங்க இறக்கி விட்டுருவேன். அங்கருந்து கூப்பிடு தூரந்தான்.

கோவிச்சுக்காதீங்க. ஒன்வே எல்லாம் இல்ல, போலீசு கெடுபிடியும் இல்ல. அந்த வாசல்ல நான் கால் வைக்கிறதில்ல, அம்புட்டுத்தான். யாருக்கு உடம்பு சரியில்ல? வீட்டுக்காரருக்கா? மூட்டு ஆப்பரேசனா? அதெல்லாம் நடந்துருவாரு, கவலைய விடுங்க. அங்க மூட்டு நல்லா பாப்பாக. எத்தனை பேரை அந்த வாசல்ல நான் தூக்கி இறக்கி விட்டுருக்கேன், அவுகளே நடந்து வந்து என் வண்டியில ஏறி வீட்டுக்குப் போயிருக்காக. அந்த வாசல்லதான யக்கா என் பொழப்பு இருந்துச்சு. அங்க இருக்குற ஆட்டோ ஸ்டாண்டுக்கு நான்தான் பிரதிநிதி. சோணைமுத்துன்னு யாரைக் கேட்டாலும் சொல்லுவாக. வேணாம், கேக்காதீங்க. இப்பக் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்குவாக.

துரோகம் யக்கா. பச்சைத் துரோகம். என் வாயால சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன், நீங்க அந்தப் பேரைச் சொன்னதும் வயிறு எரியுது.

மூக்கைப் பொத்திக்குங்க, இந்த இடம் அப்படித்தான் நாறும். குப்பை கொட்டுற இடமாக்கிட்டானுக. இது எங்க வார்டுதான். பிள்ளைக விளையாண்ட பொட்டல். கவுன்சிலரு எங்களை ஒரு வார்த்தை கேக்கல. அதிகாரிகளோட உக்காந்து பேசி முடிச்சுட்டு வந்துட்டான். நான் விட்டேனா? நேரா அவன் வீட்டு வாசல்ல போயி நின்னு கேட்டேன். "உன்னை அனுப்புனது நாங்க. எங்களைக் கேட்டியா?"ன்னு. அதுக்கு அவன் சொல்றான், "அண்ணே, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். உங்களுக்கு இப்பப் புரியாது"ன்னு. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! ஓட்டுப் போட்டவனைப் பாத்து உனக்குப் புரியாதுங்கிறான். காறித் துப்பாத குறையா வந்தேன்.

அது கிடக்கட்டும். எங்க ஸ்டாண்டு கதைய சொல்றேன்.

ஆஸ்பத்திரி காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு வாகை மரம். அதுக்குக் கீழதான் ஸ்டாண்டு. எங்ககிட்ட ஒரு பழக்கம் இருந்துச்சு, மதுரையில வேற எந்த ஸ்டாண்டுலயும் கிடையாது. ஏதாச்சும் முடிவு எடுக்கணும்னா வாயால பேசுறது அம்புட்டுப் பேரும் பேசலாம், முடிவை மட்டும் வண்டிதான் சொல்லணும். விசயத்தை ஒருத்தர் சத்தமா சொல்லுவாரு. சரின்னு நினைக்கிறவன் வண்டி மூஞ்சிய ரோட்டைப் பாத்துத் திருப்பி நிப்பாட்டணும். வேணாங்கிறவன் சுவத்தைப் பாத்து நிப்பாட்டணும். எது அதிகமோ அதுதான் தீர்ப்பு. அதுக்கு முந்தி கை தூக்கிப் பாத்தாக, சரிப்பட்டு வரல. பக்கத்துல இருக்கவன் தூக்குறானான்னு ஓரக்கண்ணால பாத்துட்டுத் தூக்குவானுக. தூக்குன கையோட டீக்கடைக்குப் போயி மாத்திப் பேசுவானுக. வண்டி அப்படியா? ரோட்டுல போறவன் வாறவன் அம்புட்டுப் பேரும் பாக்க நிக்குது. மறைக்க முடியாது.

எங்க ஸ்டாண்டுல முத்துப்பேச்சின்னு ஒரு பொம்பளை வண்டி ஓட்டுது. அது வந்து இடம் கேட்டப்பவும் அப்படித்தான் முடிவெடுத்தோம். பொம்பளைக்கு இங்க என்ன வேலைன்னு ரெண்டு பேரு குதிச்சானுக. நான் மொத ஆளா ரோட்டைப் பாத்துத் திருப்புனேன். அதை அந்தம்மா இன்னைக்கு நினைச்சுப் பாக்குமா? நினைக்காது. அப்புறம் சிக்கந்தரு. அவன் என் சிநேகிதன், எங்க வீட்ல ஒருத்தன் மாதிரி. அவன் மகளுக்குப் பிரசவ வலி வந்தப்ப என் வண்டியிலதான் கொண்டு போனோம். அவனுக்கு அந்த ஸ்டாண்டுல இடம் வாங்கிக் குடுத்தது யாரு? நான். ஒவ்வொருத்தன் தாடையையும் பிடிச்சுக் கெஞ்சி, வண்டியைத் திருப்ப வச்சேன்.

நல்ல பழக்கந்தான், இல்லைங்கல. ஆனா அதுல ஒரு தொந்தரவு இருக்கு. சின்ன விசயத்துக்கும் எல்லாரும் வந்து நிக்கணும். வாகை மரத்துல ஒரு கிளை தாழ்ந்து வண்டி மேல உரசுது, அதை வெட்டலாமா வேணாமா? அதுக்கு ஒரு காலைப்பொழுது போச்சு. ஒருத்தன் ரோட்டைப் பாத்துத் திருப்புவான், இன்னொருத்தன் என்னமோ சொல்லுவான், உடனே இவன் சுவத்தைப் பாத்துத் திருப்புவான். முடிவு வர்ற வரைக்கும் சவாரி எடுக்கக் கூடாது. தையல் போட்ட வயித்தோட ஒரு அம்மா வாசல்ல நின்னுக்கிட்டு, "ஏப்பா, நீங்க மரம் வெட்டுறது இருக்கட்டும், என்னைய வீட்ல கொண்டு போயி விடுங்கப்பா"ங்குது. வெக்கமாப் போச்சு.

அப்பத்தான் ஆஸ்பத்திரிக்குப் புது மேனேஜர் வந்தாரு. வந்தவரு, இனிமே கும்பலா வந்து கத்தாதீங்க, ஒரு ஆளை அனுப்புங்க, பேசுவோம்னு சொல்லி விட்டாரு. நியாயந்தான யக்கா? அம்புட்டுப் பேரும் அந்த ரூமுக்குள்ள போனா மூச்சு விட முடியுமா? ஆயுத பூசைக்கு முந்தின வாரம். யாரை அனுப்புறதுன்னு பேச்சு வந்துச்சு. சிக்கந்தரு என் பேரைச் சொன்னான். ஒரு வண்டி பாக்கியில்லாம ரோட்டைப் பாத்துத் திரும்புச்சு. முத்துப்பேச்சி வண்டியும்தான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எங்கப்பன் மூட்டை தூக்குனவரு, என்னைய யாரு இதுக்கு முந்தி முன்னாடி போகச் சொல்லியிருக்கா?

மொத தடவை போனேன். டிரைவர்கள் ஒண்ணுக்குப் போக இடமில்ல, முத்துப்பேச்சி பாவம் காலையில இருந்து தண்ணி குடிக்காமலே இருக்கும். அதைச் சொன்னேன். ஓபி பக்கத்துல இருக்குற கக்கூசை நாங்க புழங்கிக்கிடலாம்னு மேனேஜர் ஒத்துக்கிட்டாரு. வெளிய வந்து சொன்னதும் என்னைத் தோள்ல தூக்காத குறை. இல்லைங்கச் சொல்லுங்க பாப்போம் எவனையாச்சும்!

அதுக்கப்புறம்தான் நான் சொன்னேன். "ஏப்பா, இனி ஒவ்வொண்ணுக்கும் எதுக்கு வண்டியைத் திருப்பிக்கிட்டுக் கிடக்கணும்? அதான் நான் இருக்கேன்ல? நீங்க சவாரியைப் பாருங்க, பேசுறதை நான் பாத்துக்கிறேன்"னு. நாடே அப்படித்தான நடக்குது? எம்எல்ஏ என்ன, ஒவ்வொரு சட்டத்துக்கும் உங்க வீட்டுக் கதவைத் தட்டியா கேக்குறாரு? அவரை நம்பி அனுப்புறோம், அவரு யோசிச்சு கை தூக்குறாரு. பிடிக்கலைன்னா அடுத்த எலெக்சன்ல பாத்துக்கிடுறோம். அதுதான முறை?

இனிமே வண்டியைத் திருப்ப வேணாம்னு முடிவு பண்ண வண்டியைத் திருப்பினோம். இப்ப நினைச்சா சிரிப்பா இருக்கு, அன்னைக்கு யாருக்கும் சிரிப்பு வரல. அம்புட்டும் ரோட்டைப் பாத்து நின்னுச்சு. ஒரே ஒரு வண்டி சுவத்தைப் பாத்து. முத்துப்பேச்சி. ஏன்மா இப்படின்னு கேட்டேன். "அண்ணே, நீங்க போறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. போறப்ப நாங்க சொல்றதைக் கொண்டு போங்க. வர்றப்ப அவுக சொல்றதைக் கொண்டு வாங்க. நடுவுல நீங்களா ஒண்ணும் முடிச்சுட்டு வராதீங்க. அதுக்கு வண்டி இங்க திரும்பிக்கிட்டே இருக்கணும்"னுச்சு. நான் என்ன பார்சல் சர்வீசா யக்கா? கொண்டு போயிக் குடுத்து வாங்கிட்டு வாறதுக்கு? எல்லாரும் சிரிச்சாக. சிக்கந்தரு கூடத்தான் சிரிச்சான்.

இந்த சிக்னல்ல கொஞ்ச நேரம் ஆகும். சாரல் அடிக்குதா? அந்தப் படுதாவை இழுத்து விட்டுக்குங்க.

தீபாவளி முடிஞ்சதும் பிரச்சினை வந்துச்சு. மேனேஜர் முன்வாசலை அழகு பண்ணப் போறாராம். கார் வந்து நிக்க இடம் வேணுமாம். ஆட்டோ ஸ்டாண்டைப் பின்பக்கச் சந்துக்கு மாத்திக்கங்கன்னாரு. பின்சந்து எதுன்னு தெரியுமா? பிணவறைக்குப் போற வழி. ஸ்டாண்டுல வந்து சொன்னேன். கொந்தளிச்சுட்டானுக. "முடியாதுன்னு சொல்லிட்டு வா. ஒரே பேச்சு. முடியாது." இதுதான் எனக்குச் சொல்லி அனுப்புனது. நானும் முடியாதுன்னு சொல்லத்தான் போனேன். சத்தியமா யக்கா, என் பிள்ளைக மேல ஆணையா, முடியாதுன்னு சொல்லத்தான் போனேன்.

உள்ள போனா ஏசி. "உக்காருங்க மிஸ்டர் சோணைமுத்து"ன்னாரு. நாப்பத்தஞ்சு வயசுல என்னை ஒருத்தன் மிஸ்டர்னு கூப்பிட்டது கிடையாது. சாசர்ல வச்சுக் காபி வந்துச்சு. பெரிய படம் ஒண்ணை மேசையில விரிச்சாரு. பின்சந்துல கூரை போட்டுத் தருவாகளாம். உக்கார பெஞ்சு. ஃபேன். சவாரி வேணும்னா முன்வாசல்ல இருந்து போன் பண்ணிக் கூப்பிடுவாகளாம், வரிசைப்படி ஒவ்வொரு வண்டியா வரணுமாம். யோசிச்சுப் பாத்தேன். வெயில்ல காயுறானுக, மழையில நனையுறானுக. கூரை நல்லதுதான? வெளிய நிக்கிறவனுக்கு இந்தப் படம் தெரியுமா? கோவத்துல முடியாதுங்கிறான். அவனுக்கும் சேத்து யோசிக்கத்தான என்னை அனுப்பியிருக்கான்? நிதானமா யோசிச்சேன். சரி சார்னுட்டேன். அவரு எந்திரிச்சு கை குடுத்தாரு.

என்ன கேட்டீங்க? முன்வாசல்ல இருந்து யாரு கூப்பிடுறதுன்னா? அது வந்து, அங்க ஒரு வண்டி எப்பவும் நிக்கணும்ல? ஒழுங்குபடுத்துறதுக்கு, மத்தவங்களைக் கூப்பிடுறதுக்கு. ஒரு வண்டி மட்டும் முன்னாடி நிக்கலாம்னாரு. என் வண்டிதான் நின்னுச்சு. பிரதிநிதின்னா முன்னாடிதான நிப்பான்? பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிட்டா இருப்பான்? நானா கேட்டேன்? அவுகளாச் சொன்னாக. இதைப் போயி பெருசா பேசுறானுக. நீங்களும் அப்படிப் பாக்காதீங்க யக்கா, கண்ணாடியில தெரியுது.

வெளிய வந்து சொன்னேன். சிக்கந்தரு மட்டும், "முடியாதுன்னுதான சொல்லச் சொன்னோம்?"னான். "டேய், எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்டா. இப்பப் புரியாது"ன்னேன். உண்மையத்தான சொன்னேன்? பொறுத்துப் பாத்திருக்கணும். பின்சந்துக்குப் போனானுக. கூரை வர கொஞ்சம் தாமசம் ஆச்சு. சரி, வரவே இல்லைன்னு வைங்க. போன் பண்ணிக் கூப்பிடணும்னுதான் பேச்சு, ஆனா ஆளுக அவசரமா வெளிய வாறாக, கண்ணு முன்னாடி என் வண்டி நிக்குது, ஏறிக்கிடுறாக. ஏறாதீங்கன்னு நான் தள்ளி விடவா முடியும்? நான் போயிட்டா, அடுத்து வர்றவுக செல்போன்ல வேற வண்டியக் கூப்பிட்டுப் போயிருவாக. பின்னாடி இருந்தவனுகளுக்கு சவாரி கொறைஞ்சுபோச்சு. பிணத்தோட வந்த சொந்தக்காரங்கதான் அந்தச் சந்துல ஏறுவாக. அழுதுக்கிட்டே ஏறுறவுககிட்ட என்ன பேசிக் கூலி வாங்குறது? கஷ்டந்தான், இல்லைங்கல. அதுக்கு என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? மேனேஜர்கிட்ட மறுபடியும் பேசியிருப்பேன்ல? எம்எல்ஏவுக்கு அஞ்சு வருசம் குடுக்குறாக. எனக்கு ஒரு மழைக்காலம் குடுக்கல யக்கா.

கார்த்திகை மாசம் ஒரு நாள் காலையில, இதே மாதிரி தூறல். நான் முன்வாசல்ல நிக்கிறேன். பின்சந்துல இருந்து ஒவ்வொரு வண்டியா வருது. கல்யாணத்துக்குப் போற மாதிரி வரிசையா வந்து, வாகை மரத்தடியில பழைய இடத்துல நின்னுச்சு. ஏதோ ஸ்டிரைக்குன்னு நினைச்சேன். முத்துப்பேச்சி வண்டியவிட்டு இறங்கி, முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு, சத்தமா கேட்டுச்சு. "சோணை அண்ணன் இனிமே நமக்காகப் பேசணுமா, வேணாமா? பேசணும்னா ரோட்டைப் பாத்து. வேணாம்னா சுவத்தைப் பாத்து."

எனக்கு அப்பவும் ஒரு நம்பிக்கை. இம்புட்டுப் பழகியிருக்கோம்ல? என் வண்டியை மொதல்ல ரோட்டைப் பாத்துத் திருப்பி நிப்பாட்டுனேன். அப்புறம் பாக்குறேன், ஒவ்வொண்ணா சுவத்தைப் பாத்துத் திரும்புது. எவனும் என் மூஞ்சிய நிமிர்ந்து பாக்கல. பின்லைட்டு மட்டுந்தான் தெரியுது, வரிசையா, செவப்பா.

சிக்கந்தரு வண்டி மட்டும் அப்படியே நிக்குது. பிளக்குல தண்ணி போயிருச்சு, ஸ்டார்ட் ஆகல. எனக்கு உசிரு வந்துச்சு. இவன் ஒருத்தன் போதும் யக்கா. மத்தவன் எவன் திருப்புனாலும் எனக்குக் கவலையில்ல, இவன் மட்டும் திருப்பாம இருந்தாப் போதும்னு நினைச்சேன். லீவரை இழுக்குறான், இழுக்குறான், வண்டி இருமுது, நின்னுபோகுது. அப்புறம் கீழ இறங்குனான். ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு, பழக்கதோசத்துல திரும்பிப் பாத்து, "சோணை, ஒரு கை குடுடா"ன்னான்.

எத்தனை வருசமா ஒருத்தன் வண்டியை ஒருத்தன் தள்ளியிருப்போம்! கூப்பிட்ட உடனே கால் ஓடிருச்சு யக்கா. பின்னாடி போயி தோள் குடுத்துத் தள்ளுனேன். பாதி தள்ளுனதுக்கு அப்புறந்தான் பாக்குறேன், அவன் ஹேண்டில சுவத்துப் பக்கம் ஒடிச்சுக்கிட்டு இருக்கான். கையை எடுக்கவும் முடியல, தள்ளவும் முடியல. தள்ளிட்டேன். சுவத்தைப் பாத்து நான்தான் தள்ளி நிப்பாட்டுனேன். அவன் என்னைப் பாத்தான். அவனுக்குக் கண்ணுல தண்ணி. மழைத்தண்ணியோ என்னமோ. இருந்துட்டுப் போகட்டும், எனக்கென்ன?

யாரும் என்னை ஏசல. ஏசியிருந்தாலும் தேவலை. முத்துப்பேச்சி கிட்ட வந்து, "வரிசையில வந்து நில்லுங்கண்ணே. கடைசில நில்லுங்க, நாளைக்கு முன்னாடி வந்துருவீங்க"ன்னுச்சு. பாத்தீகளா எகத்தாளத்தை? நான் மிஸ்டர் சோணைமுத்து, என்னைக் கடைசில நிக்கச் சொல்லுது! வண்டியை எடுத்தேன், வந்துட்டேன். அன்னையில இருந்து அந்த வாசப்பக்கம் போறதில்ல. ரோடு ரோடாச் சுத்துறேன். சிக்கந்தரு வீட்டுக்கு வந்தான், இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டு உள்ளயே இருந்தேன். "அவுக உன்னைப் போகச் சொல்லலையே, நீயாத்தான வந்த?"ங்குறா என் வீட்டுக்காரி. அவளும் அவுக பக்கந்தான். வீட்டுக்குள்ளயே சுவத்தைப் பாத்துத் திரும்பிட்டா.

இப்பவா? இப்ப மறுபடியும் முன்னாடிதான் நிக்கிறாக. பாதி இடம் காருக்கு, பாதி இவுகளுக்கு. பேசுறது முத்துப்பேச்சி. எப்படிப் பேசுதுன்னு நினைக்கிறீங்க? மேனேஜர் ஒண்ணு சொன்னா, "இருங்க சார், கேட்டுட்டு வர்றேன்"னு வெளிய ஓடி வருமாம். வண்டியெல்லாம் திரும்பும். மறுபடி உள்ள ஓடும். அந்த மனுசன் வெறுத்துப் போயி, குடையப் பிடிச்சுக்கிட்டு அவரே வெளிய வந்து வாகை மரத்தடியில நின்னு பேசுனாராம். காபியாவது மிஸ்டராவது! இதெல்லாம் ஒரு பேச்சுவார்த்தையா? ஏதோ அதிர்ஷ்டம், கிடைச்சிருச்சு.

இந்தா, பழக்கடை வந்துருச்சு. பாத்து இறங்குங்க, வழுக்கும். இந்தாங்க கேரியரு. மழை விட்டுருச்சு பாருங்க, உங்க நல்ல நேரம்.

யக்கா. யக்கா, ஒரு நிமிசம். அங்க பாருங்களேன். வண்டியெல்லாம் ஏதோ அசையுது. முத்துப்பேச்சி இறங்கி நிக்குது. என்னமோ முடிவு எடுக்குறாக. அந்தா, ஒண்ணு ரோட்டைப் பாத்துத் திரும்பிருச்சு. சிக்கந்தரு வண்டி இன்னும் அப்படியே நிக்குது. கடைசில ஒரு வண்டி நிக்கிற அளவுக்கு இடம் விட்டு வச்சிருக்கானுக, தெரியுதா? எவனும் அதுல வண்டிய விடல. எதுக்கு விட்டு வச்சிருக்கானுகன்னு தெரியல.

நீங்க எப்படியும் அந்த வழியாத்தான போறீங்க? என்ன விசயம்னு கேட்டுட்டு வர்றீங்களா? எனக்காக. நான் இங்கனயே நிக்கிறேன். சிக்கந்தர்கிட்டயே கேளுங்க, பச்சைச் சட்டை, ஒல்லியா இருப்பான். சோணை கேக்கச் சொன்னான்னு சொல்லுங்க. நானும் வண்டியை எந்தப் பக்கம் திருப்பணும்னு யோசிக்கணும்ல?

ஆனா ஒண்ணு யக்கா. நான் கேட்டதை மட்டும் கேளுங்க, அவன் சொன்னதை அப்படியே வந்து சொல்லுங்க. சோணை வர்றானா, வரலையான்னு கேட்டா, தெரியலைன்னுருங்க. என்னைக் கேக்காம நீங்களா எதுவும் சரின்னு சொல்லிட்டு வந்துராதீங்க.